யாருடைய வீடு, எந்த ஆண்டின் வீடு: நினைவு இல்லங்களும் கூட்டு நினைவும்

ஒரு நாற்காலி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தால், அதை யாரோ தேர்ந்தெடுத்து, எங்கிருந்தோ கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அதே நாற்காலி அதற்குரியவரின் வீட்டிலேயே, சன்னலோரத்தில், மேசையிலிருந்து சற்றே விலக்கிப் போடப்பட்டிருந்தால் அந்த உணர்வு மறைந்துவிடுகிறது. அவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று மனம் நம்பத் தொடங்குகிறது. நினைவு இல்லங்களாகப் பாதுகாக்கப்படும் வரலாற்று வீடுகளின் வலிமை முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. அவற்றைக் கவனத்தோடு அணுக வேண்டியதற்கான காரணமும் இதுவே. சன்னலோரத்து நாற்காலியையும் ஒருவர் அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார். எந்த ஆண்டின் வீட்டைக் காட்டுவது, எந்த அறையைத் திறப்பது, அங்கே வாழ்ந்தவர்களில் யாருடைய பெயரைச் சொல்வது என்ற முடிவுகளெல்லாம் எடுக்கப்பட்ட பிறகுதான் வாசற்கதவு நமக்குத் திறக்கிறது. ஒரு சமூகம் தன் கடந்த காலத்தை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை, அந்த முடிவுகளைக் கூர்ந்து பார்த்தாலே பெருமளவு அறிந்துகொள்ளலாம்.

வீட்டை அப்படியே அருங்காட்சியகமாக்கும் வழக்கம் வலுப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில். லண்டனில் கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன், தாம் சேர்த்திருந்த சிற்பங்கள், ஓவியங்கள், கட்டட மாதிரிகள் ஆகியவற்றோடு தம் வீட்டையும் நாட்டுக்கு விட்டுச்செல்ல விரும்பி, 1833இல் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றச் செய்தார். தாம் இறக்கும்போது வீடு எந்த நிலையில் இருக்கிறதோ, முடிந்தவரை அதே நிலையில் அது பேணப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மகன் ஜார்ஜுடன் அவருக்கு இருந்த தீராத பகையும் இதற்குப் பின்னால் இருந்தது. அவர் 1837இல் மறைந்தார். அந்தச் சட்டத்தின் விளைவாக அந்த வீடு இன்றும் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. தன்னை எப்படி நினைவுகூர வேண்டும் என்பதைத் தானே சட்டமாக எழுதிவைத்துவிட்டுப் போகும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் அதைப் பின்னால் வந்தவர்களே முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் அப்படி முடிவு செய்தவர்களுக்கு ஓர் அவசரம் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் போர்க்காலத் தலைமையகமாகப் பயன்படுத்திய நியூபர்க் நகர வீட்டை நியூயார்க் மாநிலம் 1850இல் தன்வசமாக்கிக்கொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, வெர்ஜீனியாவில் சிதிலமடைந்துகொண்டிருந்த அவருடைய சொந்த மாளிகையான மவுண்ட் வெர்னனைக் காப்பாற்ற, தென் கரோலைனாவைச் சேர்ந்த ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அச்சங்கம் நாடு முழுவதும் நிதி திரட்டி, 1858இல் 2,00,000 டாலருக்கு மாளிகையை விலைபேசி முடித்தது. அடிமை முறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் பிளவுபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இரு தரப்பும் உரிமை கொண்டாடக்கூடிய ஒரே முன்னோராக வாஷிங்டன் இருந்தார். அவருடைய வீடு நிலைத்தால் நாடும் நிலைக்கும் என்ற எண்ணம் அந்த முயற்சியின் அடியில் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபின் அந்த மாளிகை நடுநிலை இடமாக நடத்தப்பட்டது. பார்க்க வந்த படைவீரர்கள் ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு உள்ளே வருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் எந்தக் கேள்விக்காக அந்தப் போர் நடந்ததோ, அந்தக் கேள்வி அதே மாளிகையின் வேலையாட்கள் குடியிருப்பில் இருந்தது. வாஷிங்டன் இறந்த 1799ஆம் ஆண்டில் அந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். நாட்டை ஒன்றாகப் பிடித்துவைக்கும் நினைவாக அந்த வீடு உருவாக்கப்பட்டபோது, அவர்கள் அந்த நினைவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் முன்வைத்த கருத்து இங்கே துணைசெய்கிறது. மனிதர் தனியாக எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. குடும்பம், சமயம், வர்க்கம், நாடு போன்ற குழுக்கள் அமைத்துத் தரும் சட்டகங்களுக்குள்தான் நினைவு உருப்பெறுகிறது என்றார் அவர். கூட்டு நினைவுக்கு இடம் இன்றியமையாதது என்பதும் அவருடைய வாதத்தின் முக்கியப் பகுதி. மனிதர்கள் மறைகிறார்கள், பேச்சு காற்றில் கலந்துவிடுகிறது. சுவரும் தெருவும் அவற்றைவிட மெதுவாக மாறுவதால், எதுவும் மாறவில்லை என்ற உறுதியைக் குழுவுக்கு அவை தருகின்றன. ஹால்ப்வாக்ஸ் 1945இல் நாஜிகளின் புகென்வால்ட் முகாமில் உயிரிழந்தார். அவருடைய கருத்தை நினைவு இல்லங்களுக்குப் பொருத்தினால் ஒன்று தெளிவாகிறது: கடந்த காலத்தை மாறாமல் காட்டுவதாகத் தோன்றும் வீடு, நிகழ்காலக் குழுவின் தேவைக்கேற்பத் தொடர்ந்து மாற்றியமைக்கப்படுகிறது. சுவர்கள் அசையாமல் நிற்பதால் அந்த மாற்றம் கண்ணில் படுவதில்லை.

முதல் மாற்றம் ஆண்டைத் தேர்வதில் தொடங்குகிறது. எந்த வீடும் ஒரே ஆண்டில் வாழ்ந்து முடிவதில்லை. கூரை மாறும், சுவர் இடிபடும், புதிய தலைமுறை புதிய அறைகளைச் சேர்க்கும். புதுப்பிப்பவர்கள் அவற்றுள் ஒரு காலத்தைத் தேர்ந்து, அதற்குப் பின் வந்தவற்றை நீக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை இன்று மிக நுட்பமாக நடக்கிறது. சுவர்ப் பூச்சில் கடுகளவு துண்டை வெட்டியெடுத்து, அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் வண்ணங்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள். இறந்தவரின் சொத்துப் பட்டியலில் அறைவாரியாகக் குறிக்கப்பட்ட பொருள்களோடு அதை ஒப்பிடுகிறார்கள். மவுண்ட் வெர்னனின் சிறிய உணவு அறையில் இப்படிச் சோதித்தபோது, கண்ணைப் பறிக்கும் செம்புப் பச்சை வெளிப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பெரியவர்களோடு மங்கலான, அடக்கமான வண்ணங்களைச் சேர்த்தே கற்பனை செய்து பழகியவர்களுக்கு அது திகைப்பாகவே இருந்தது. அந்த அடக்கம் பின்னால் வந்தவர்களின் ரசனை என்பதை ஒரு பூச்சுத் துண்டு காட்டிவிட்டது.

ஆனால் நுண்ணோக்கியால் எந்த அடுக்கு எப்போது பூசப்பட்டது என்று சொல்ல முடியுமே தவிர, எந்த அடுக்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியாது. வெர்ஜீனியாவில் உள்ள மான்ட்பிலியர், அமெரிக்க அரசமைப்பின் முதன்மைச் சிற்பி எனப்படும் ஜேம்ஸ் மாடிசனின் வீடு. 1901இல் அதை வாங்கிய டூபாண்ட் குடும்பம் இருபுறமும் பெரிதாக விரிவாக்கி, சுமார் 80 ஆண்டுகள் வாழ்ந்தது. பின்னர் வீடு பாதுகாப்பு அறக்கட்டளையிடம் வந்தபோது, 2003 முதல் 2008 வரை நடந்த பணியில் அந்த விரிவாக்கங்கள் முழுவதும் அகற்றப்பட்டு, வீடு 1820களின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. கடைசி உரிமையாளரான மரியன் டூபாண்ட் ஸ்காட், தம் குதிரைப் பந்தய ஆர்வம் தெரிய அலங்கரித்திருந்த செந்நிற அறை மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, வருகையாளர் மையத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. மாடிசன் வாழ்ந்த காலம் உலகுக்கு முக்கியமானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு குடும்பத்தின் முக்கால் நூற்றாண்டு வாழ்க்கை ஒரே ஓர் அறையாகச் சுருங்கி வெளியே போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென் கரோலைனாவின் டிரேட்டன் ஹாலில் இதற்கு நேரெதிரான முடிவை எடுத்தார்கள். அங்கே எதையும் பழைய நிலைக்கு மீட்க முயலாமல், அறைகலன்களையும் வைக்காமல், வீடு தங்கள் கைக்கு வந்த நிலையிலேயே அதை நிலைநிறுத்தினார்கள். வெறும் அறைகளில் நடப்பவர் சுவரையும் மரவேலையையும் மட்டுமே பார்க்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது என்றாலும், அந்த வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அது வருகையாளரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறது என்ற குறையும் நியாயமானதே.

மூலமே அழிந்துபோன இடத்தில் கேள்வி இன்னும் கடினமாகிறது. பிராங்பர்ட்டில் கவிஞர் கோதே பிறந்த வீடு, 1944 மார்ச் 22 அன்று நேச நாடுகளின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. தற்செயலாக அது அவருடைய நினைவு நாளும்கூட. அறைகலன்களும் நூல்களும் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தன. போர் முடிந்ததும் வீட்டை இருந்தபடியே மீண்டும் கட்ட வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, வால்டர் டிர்க்ஸ் போன்ற எழுத்தாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வீடு அழிந்ததும் ஜெர்மானிய வரலாற்றின் விளைவே. அதைப் பழையபடி கட்டி எழுப்பினால், இடையில் நடந்தவை நடக்காதது போன்ற தோற்றம் உண்டாகும் என்பது அவர்கள் வாதம். ஆயினும் வீடு 1951இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அங்கே செல்பவர் உண்மையான மேசையை, மறுஆக்கம் செய்யப்பட்ட அறையில் பார்க்கிறார். இந்த விவாதத்தில் இரு தரப்புமே அந்த வீட்டின்மீது அக்கறை கொண்டவர்கள்தாம். எந்த இழப்பை நினைவில் நிறுத்துவது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பால் உலகறிந்த ஆன் பிராங்கின் தந்தை ஓட்டோ பிராங்க் இந்தக் கேள்விக்கு வேறு விடை கண்டார். பிரின்சன்கிராக்ட் கால்வாயோரம் 263ஆம் எண் கட்டடத்தின் பின்கட்டில், 1942 ஜூலையிலிருந்து அவருடைய யூதக் குடும்பம் நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்தது; பின்னர் வந்து சேர்ந்தவர்களோடு மொத்தம் எட்டுப் பேர். 1944 ஆகஸ்ட் 4 அன்று அனைவரும் பிடிபட்டார்கள். பின்னர் அந்த அறைகளிலிருந்த பொருள்கள் வாரிச் செல்லப்பட்டன. எண்மரில் ஓட்டோ மட்டுமே உயிரோடு திரும்பினார். இடிக்கப்படவிருந்த கட்டடம் காப்பாற்றப்பட்டு, 1960 மே மாதத்தில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, பின்கட்டு அறைகள் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். பொருள்களை மீண்டும் வைத்தால், அவற்றை எடுத்துச் சென்ற செயல் மறைந்துபோகும். அறைகள் முன்பு எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோருக்காகச் சிறிய மாதிரிகள் மட்டும் செய்து வைக்கப்பட்டன.

அந்த வெறுமையில் மிஞ்சியிருப்பவை சுவரோடு ஒட்டியவை மட்டுமே. ஆன் தன் அறையில் ஒட்டிய திரை நட்சத்திரங்களின் படங்கள் இருக்கின்றன. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் முன்னேறுவதைக் குண்டூசி குத்திக் குறித்துவந்த வரைபடம் இருக்கிறது. அருகே, சுவர்த்தாளில் பெற்றோர் பென்சிலால் கிழித்த கோடுகள். இரு மகள்களின் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்தவை அவை. பதுங்கியிருந்த ஈராண்டுகளில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தாள். வெளியே காலடி வைக்க முடியாத பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளந்த அந்தப் பெற்றோரின் நம்பிக்கையை, அறைகலன்கள் நிறைந்த எந்த அறையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. 2025 ஜனவரியில் நியூயார்க்கில் இதே பின்கட்டின் முழு அளவு மறுஆக்கம், அறைகலன்களோடு காட்சிக்குத் திறக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்ல வாய்ப்பில்லாத மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படக்கூடிய முயற்சி அது. மூல இடத்தை வெறுமையாகவும், நகலை நிறைத்தும் வைத்த அந்தப் பிரிவினை சரியானதென்றே நினைக்கிறேன். அந்த இடத்தில் நடந்த அழிவை மறைக்காமலே வாழ்க்கையையும் காட்ட அது வழிசெய்கிறது.

சிக்மண்ட் பிராய்டின் இரு வீடுகளும் இதே பிரிவினையைத் தாமாகவே கொண்டிருக்கின்றன. வியன்னாவில் பெர்க்காஸே 19ஆம் எண் கட்டடத்தில் 47 ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய அவர், நாஜிகள் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட 1938இல் லண்டனுக்குத் தப்பிச் சென்றார். நோயாளிகள் சாய்ந்து படுத்துப் பேசிய புகழ்பெற்ற சாய்விருக்கையும், தொல்பொருள் சேகரிப்பும் அவரோடு சென்றன. ஆகவே ஓராண்டுகூட முழுமையாக வாழாத லண்டன் வீடு நிறைந்திருக்கிறது. உளப்பகுப்பாய்வு பிறந்த வியன்னா வீடு பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. 2020இல் புதுப்பித்துத் திறந்தபோதும், சாய்விருக்கையின் நகலைச் செய்து அங்கே வைக்க அவர்கள் முற்படவில்லை. அவர் வெளியேற நேர்ந்ததையும், வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிய அவருடைய சகோதரிகள் நால்வர் பின்னர் முகாம்களில் உயிரிழந்ததையும் அந்தக் காலியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆண்டைத் தேர்வதைவிட ஆழமான தேர்வு, ஆளைத் தேர்வது. அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1923 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும் அந்த வீட்டில், பல பத்தாண்டுகளாக வருகையாளர்கள் வியந்து பார்த்தவை ஜெபர்சனின் கருவிகள். அவற்றுள் ஒன்று உணவு அறையின் சுழல்கதவு. கதவின் ஒரு பக்கத்தில் தட்டுகளுக்கான பலகைகள் இருக்கின்றன. வெளியே நிற்பவர் உணவை அதில் அடுக்கிக் கதவைச் சுழற்றினால், பலகைகள் அறைக்குள் திரும்பும். கணப்பின் இருபுறமும், நிலவறையிலிருந்து மது பாட்டில்களை மேலே ஏற்றும் சிறு தூக்கிகள் உண்டு. புத்திசாலித்தனமான ஏற்பாடுகள் என்று இவற்றைப் பாராட்டுவது எளிது. இதே ஏற்பாட்டால், உணவைச் சமைத்துச் சுமந்து வந்த அடிமைகள் விருந்தினர் கண்ணில் படாமல் போனார்கள் என்பதும் உண்மை. சுதந்திரம் குறித்துப் பேசிய மேசைக்குச் சில அடி தூரத்தில், கதவின் மறுபுறம், ஜேம்ஸ் ஹெமிங்ஸும் எடித் பாசெட்டும் போன்றவர்களின் உழைப்பு இருந்தது. ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். கதவின் இந்தப் பக்கத்தில் நின்று மட்டுமே விளக்கம் கேட்ட தலைமுறைகளுக்கு அந்தப் பக்கம் தெரியாமலே போயிற்று.

நிலைமை மாறத் தொடங்கியது அடிமைகளின் வழித்தோன்றல்கள் பேசத் தொடங்கியதிலிருந்துதான். 1993இல் அறக்கட்டளை அவர்களுடைய குடும்ப வழக்காறுகளை வாய்மொழியாகப் பதிவுசெய்யும் திட்டத்தை ஆரம்பித்தது. அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என்று அந்தக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்தது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்க மறுத்துவந்தார்கள். 1998இல் வெளியான மரபணுச் சோதனையும், 2000இல் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கையும் அந்தக் குடும்ப நினைவின் பக்கமே நின்றன. சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் சிறிய அறை, 1941இல் வருகையாளர்களுக்கான ஆண்கள் கழிப்பறையாக மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கட்டுமானத்தை அகற்றி அகழ்ந்து ஆராய்ந்து, 2018இல் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் காட்சியை அங்கே திறந்தார்கள். ஒரு நாடு எதை நினைவில் வைக்கத் தகுதியற்றதாகக் கருதியது என்பதற்கு இந்த ஓர் அறையின் வரலாறு போதும். எழுதிவைக்க அனுமதிக்கப்படாதவர்கள் வாய்மொழியாகக் காப்பாற்றிய நினைவு, ஆவணங்களை மட்டுமே நம்பிய நிபுணர்களைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய திருத்தங்கள் எங்கும் எளிதாக ஏற்கப்படுவதில்லை. பிரிட்டனில் வரலாற்று மாளிகைகளைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்புகளை விவரித்து 2020 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டபோது, உறுப்பினர்களிடமிருந்தும் அரசியலாளர்களிடமிருந்தும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் பலர், தாங்கள் நேசித்த மாளிகைகளைத் தங்களிடமிருந்து பறிப்பதாகவே அதை உணர்ந்தார்கள். நினைவு இல்லம் அமைதியான இடம் என்ற எதிர்பார்ப்பு அவ்வளவு ஆழமானது. ஆனால் ஒரு தோட்டத்தின் அழகும், அதை உருவாக்கிய பணம் வந்த வழியும் ஒரே வீட்டின் வரலாறுதான். ஒன்றைச் சொல்வதால் மற்றொன்று குறைந்துபோவதில்லை.

பெரியவர்களின் வீடுகளில் மறைக்கப்பட்டவர்களைத் தேடுவது ஒரு வழி. பெயரறியாதவர்களின் வீட்டையே அருங்காட்சியகமாக்குவது இன்னொரு வழி. நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் கட்டப்பட்டது. 1935 வரை சுமார் 7,000 பேர் அதன் சிறு குடியிருப்புகளில் வாழ்ந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். புதிய பாதுகாப்பு விதிகளுக்கேற்பச் செலவு செய்ய விரும்பாத உரிமையாளர் குடியிருந்தவர்களை வெளியேற்றி மேல்தளங்களை மூடிவிட்டதால், அவை பல பத்தாண்டுகள் கைபடாமல் கிடந்தன. 1988இல் டெனிமென்ட் அருங்காட்சியகத்தை நிறுவியவர்கள் அந்த அறைகளைக் கண்டபோது, சுவர்த்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. வசதியற்ற குடும்பங்களும் தங்கள் அறையை அழகாக வைத்திருக்க முயன்றதற்கு அவையே சான்று. சில குடியிருப்புகளை அவர்கள் குறிப்பிட்ட குடும்பங்களின் காலத்துக்கு மீட்டமைத்தார்கள். சிலவற்றை இடிபாடாகவே விட்டிருக்கிறார்கள். மீட்டமைத்தது எது, மிஞ்சியது எது என்பதை வருகையாளரே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. தன் தேர்வுகளைத் தானே வெளிப்படுத்தும் இந்த முறையை மற்ற இல்லங்களும் பின்பற்றலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில், முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளின் கடைசித் தொகுதியும் 2004 முதல் இவ்வகையில் திறந்திருக்கிறது.

சில வீடுகளில் ஒரே நிகழ்வு வீட்டின் மற்ற வாழ்க்கை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. டெல்லியின் பிர்லா இல்லம் ஒரு தொழிலதிபரின் மாளிகை. காந்தி தம் கடைசி 144 நாட்களை அங்கே விருந்தினராகக் கழித்தார். 1948 ஜனவரி 30 மாலை அவர் வழிபாட்டுக் கூட்டத்துக்கு நடந்து சென்ற பாதை, இன்று காலடித் தடங்களின் வடிவில் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அரசு அந்த வீட்டை 1971இல் வாங்கியது. 1973 முதல் அது மக்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் மாளிகையின் கட்டட அழகையோ உரிமையாளரின் வரலாற்றையோ தேடி வருவதில்லை. அந்தத் தடங்களின் அருகே நடப்பதற்காகவே வருகிறார்கள்.

நினைவு இல்லமாக்கக் கூடாத வீடும் உண்டு. ஆஸ்திரியாவின் பிரவுனாவ் நகரில் ஹிட்லர் பிறந்த வீட்டை அரசு நீண்ட காலம் வாடகைக்கு எடுத்துப் பிற பணிகளுக்குப் பயன்படுத்தியது. நாஜி ஆதரவாளர்களின் யாத்திரைத் தலமாக அது மாறிவிடக் கூடாது என்ற அச்சத்தில், 2016இல் தனிச் சட்டம் இயற்றி அதைக் கையகப்படுத்தி, காவல் நிலையமாக மாற்ற முடிவு செய்தது. இடித்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. இடித்தால் வரலாற்றை மறைப்பதாகும் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். குற்றத்தை விளக்கும் அருங்காட்சியகம்கூட, பிறந்த வீட்டில் அமையும்போது பிறந்தவரைச் சிறப்பிப்பதாகிவிடும் என்ற கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. வீடு தரும் நெருக்கம் அவ்வளவு வலுவானது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. அண்மையில் அதை நேரடியாக எதிர்கொண்டது மான்ட்பிலியர். மாடிசனின் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களுடைய குழுவுக்கு நிர்வாகத்தில் சம பங்கு தருவதாக அதன் அறங்காவலர் குழு 2021இல் ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில் அதே அறங்காவலர் குழு அந்த உறுதியிலிருந்து பின்வாங்கியது. எதிர்த்துப் பேசிய மூத்த பணியாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஊழியர்கள், வரலாற்றாசிரியர்கள், பொதுமக்கள் எனப் பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. மே மாதத்தில், வழித்தோன்றல்கள் முன்மொழிந்த பட்டியலிலிருந்து புதிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுடைய முன்னோர்கள் சமைத்த, கட்டிய, பயிரிட்ட இடத்தில், எந்த அறையில் எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இப்போது அவர்களும் அமர்கிறார்கள்.